கம்பெனிச் சாவி என் விரலில்

மங்கலம் ரோடு, திருப்பூர்.
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் மைதிலிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டு எட்டி உதைக்கிற என் தங்கமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். கால் வீக்கம் வடிந்ததா? கால்கரியில் பனி முழங்கால் மட்டும் கிடக்கிறது என்று மாப்பிள்ளை ஒரு போட்டோ அனுப்பியிருந்தார், அதில் நீ வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு குப்பை கொட்டப் போகிறாய். நிறைமாசத்தை நெருங்குகிற பெண் பனியில் செருப்போடு போகிறாள், கட்டின புருஷன் நின்று போட்டோ எடுக்கிறார், இரண்டு பேரையும் என்ன சொல்லித் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, போன் இல்லையா என்று நீ நினைப்பாய். போன் பகலெல்லாம் கம்பெனியில் இருக்கிறது, நானும் கம்பெனியில் இருக்கிறேன், சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்லுகிறார். அவரைப் பற்றி அவர் காதுபடவே எப்படிச் சொல்வது? அதனால்தான் பிரசவ மருந்தும் பருப்புப்பொடியும் வைத்த பார்சலுக்கு அடியில் இதை மடித்து வைத்திருக்கிறேன். பிரசவத்துக்கு வருவீங்களாம்மா என்று போன வாரம் நீ கேட்டபோது நான் பதில் சொல்வதற்குள் அப்பா பார்க்கலாம் கண்ணு என்று சொல்லி போனை வைத்துவிட்டார், அதற்கப்புறம் நீ அழுதாயென்று மாப்பிள்ளை சொன்னார். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது, ஆனால் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

நம் கம்பெனிக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பது உனக்குத் தெரியும், பழனிமலை என்று இங்கிலீஷில் எழுதிக் கடைசியில் கம்பெனி ஆரம்பித்த வருஷம். பேங்குக்கும் அதுதான், நம் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுப் பையரின் வெப்சைட்டுக்கும் அதுதான், கரண்ட் பில் கட்டவும் அதுதான். அப்பாவுக்குத் தெரியும், கணக்குப் பார்க்கிற லிங்கசாமிக்குத் தெரியும், கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும், ஒருநாள் லிங்கசாமி மறந்துபோய் முழித்தபோது டீக்காரர்தான் எடுத்துக்கொடுத்தாராம். அது போதாதென்று அப்பா அதை ஆபீஸ் சுவரில் தீயணைப்பு நிலைய நம்பருக்குக் கீழே பெயிண்டால் எழுதியும் வைத்திருந்தார். ஆனியில் பையர் அனுப்பிய ஆடிட்டர் வந்தார், முதலுதவிப் பெட்டியைப் பார்த்தார், கக்கூஸைப் பார்த்தார், குடிதண்ணீரைப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கிளம்பும்போது சுவரைப் பார்த்தார். உடனே போட்டோ எடுத்தார். அப்பா பின்னால் நின்றுகொண்டு எழுத்து நல்லாப் பளிச்சுனு உளுகுதுங்களா என்று கேட்டிருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் பையரிடமிருந்து மெயில் வந்துவிட்டது, இனிமேல் எங்கள் வெப்சைட்டில் பாஸ்வேர்டே கிடையாது, பாஸ்கீ போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நுழைய முடியாது என்று.

ஆடியில் புதிதாக எதையும் தொடக்கூடாது என்று அப்பா ஆவணி வரைக்கும் இழுத்தடித்தார். நம்மிடம் மெர்ச்சன்டைசராக இருக்கிற ஜுவைரியாவை உனக்கு நேரில் தெரியாது, பையரோடு பேசுகிறது, ஆர்டரைப் பின்தொடருகிறது எல்லாம் அவள்தான், கெட்டிக்காரப் பெண். அவள் நச்சரித்து நச்சரித்து ஒரு நாள் குறித்தார்கள். புது மிஷின் வந்தால் முதல் சுவிட்சை என் கையால்தான் போட வேண்டும், எனக்குக் கை ராசி என்பது அப்பாவின் பழைய நம்பிக்கை அல்லவா, அதே நினைப்பில் பாஸ்கீக்கும் நல்ல நேரம் பார்த்து என்னை வரச் சொல்லிவிட்டார். நானும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். ஜுவைரியா, சார், யார் போன்ல போடறமோ அவங்க கையிலதான், என்று என்னமோ சொல்ல ஆரம்பித்தாள். நல்ல நேரம் போகுதும்மா என்று அப்பா கையமர்த்திவிட்டார். அவர் போன் அந்த நேரம் பார்த்துச் சார்ஜில் கிடந்தது. கம்ப்யூட்டரில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட படம் வந்தது, கடையில் காசு கட்டுகிற அட்டை மாதிரி, அதை என் போனால் பிடித்ததும் விரலை வை என்றது. விரலில் குங்குமம், போன் ஏற்றுக்கொள்ளவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், பச்சையாக ஒரு டிக் வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள், மிக்சரும் லட்டும் கொடுத்தோம். மறுநாள் காலையில் லிங்கசாமி கம்ப்யூட்டரைத் திறந்தால் அது நேற்று வந்த அம்மாவின் போன் எங்கே என்று கேட்கிறது.

அப்புறம்தான் ஜுவைரியா உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். பூட்டு பையரிடம் இருக்கிறது, சாவி என் போனுக்குள் இருக்கிறது, என் விரல் அந்தச் சாவியை வெளியே எடுக்கிற அனுமதி, அவ்வளவுதான். பாஸ்வேர்டு என்றால் வாயால் சொல்லலாம், சுவரில் எழுதலாம், இதை யாருக்கும் சொல்லவும் முடியாது, திருடவும் முடியாது. அப்பாவுக்கு உடனே ஒரு கவலை, என்ற பொஞ்சாதி கைரேகை கடல் தாண்டிப் போயிருச்சாம்மா என்று கேட்டார். இல்லீங்க சார், ரேகை போனை விட்டு எங்கியும் போகாதுங்க என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். விரல் இல்லாவிட்டால் போன் திறக்கிற நம்பரைப் போட்டாலும் வேலை நடக்குமாம், ஆனால் அந்த நம்பரை யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் தனியாகச் சொல்லிவைத்தாள், நானும் சொல்லவில்லை, அப்பா கேட்டும் சொல்லவில்லை. இதில் ஒரு நன்மையும் நடந்தது. யாரோ ஒருத்தன் பையர் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று லிங்கசாமியைக் கூப்பிட்டு, உங்கள் பாஸ்வேர்டைச் சொல்லுங்கள், சரிபார்க்க வேண்டும் என்றானாம். பழைய காலமாக இருந்தால் லிங்கசாமி சுவரைப் பார்த்துப் படித்துக்காட்டியிருப்பார். இப்போது அவர், அது எங்க அம்மாவோட வெரலுங்க, வேணும்னா நேர்ல வந்து அம்மாளையே கேட்டுக்குங்க என்று சொல்லியிருக்கிறார். அவன் கெட்ட வார்த்தை சொல்லி வைத்துவிட்டான்.

ஆனால் என் பாடு என்னவாயிற்று என்று கேள். அந்த வெப்சைட் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் தானாக மூடிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் நான் விரல் வைக்க வேண்டும். காலையில் குழம்பு கொதிக்கும்போதே வாசலில் கார் ஹாரன் அடிக்கும். எனக்கென்று ஆபீஸில் ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், தலைக்கு மேலே ஒரு ஃபேன். இத்தனை வருஷம் தீபாவளிக்கு இனிப்புக் கொடுக்க மட்டும் கம்பெனிக்குப் போன நான் இப்போது அங்கேயே அரிசி புடைத்து, கீரை ஆய்ந்து, சாப்பாட்டையும் இரண்டு பேருக்கும் கட்டிக்கொண்டு போய்விடுகிறேன். செக்கிங் டேபிளில் வேலை செய்கிற பெண்களுக்கு நான் கீரை ஆய்வது நல்ல பொழுதுபோக்கு. உன் சித்தி மகன் கல்யாணம் பல்லடத்தில் நடந்ததே, சகோதரி முறையில் நின்று இணைச்சீர் செய்ய நீ இல்லையே என்று சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாளே, அன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா? தாலி கட்டி முடிந்ததும் அப்பா கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, சரக்கு கப்பலுக்குப் போக வேண்டும், இன்ஸ்பெக்ஷனுக்கு மதியத்துக்குள் நாள் குறிக்காவிட்டால் ஷிப்மென்ட் போச்சு என்றார். அந்தக் கட்டம் போட்ட படத்தை வாட்ஸப்பில் சித்தி போனுக்கு அனுப்பினார், நானும் என் போனால் அதைப் பிடித்துப் பார்த்தேன், போன் சுற்றிச் சுற்றி முடியாது என்றது. போனும் கம்ப்யூட்டரும் பக்கத்தில் இருந்தால்தான் திறக்குமாம், தூரத்திலிருந்து எவனும் ஏமாற்றித் திறந்துவிடக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்களாம். என் போனிலேயே நேராகத் திறக்கலாம், ஆனால் ஏற்ற வேண்டிய பேப்பரெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில். கடைசியில் கம்பெனி டெம்போ மண்டபத்து வாசலில் வந்து நின்றது, பின்னால் துணி ரோல், முன்னால் பட்டுச்சேலையும் ஒட்டியாணமுமாக நான். சம்பந்தி வீட்டார் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். விரல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் பந்தியில் ரசமும் அப்பளமும்தான் மிச்சம்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. சிரிக்க முடியாதது மாப்பிள்ளை டிக்கெட் போட்டு அனுப்பிய பிறகு ஆரம்பித்தது. நீ தலைப்பிரசவத்துக்கு இங்கே வரமாட்டாய், அங்கேதான் பெறுவாய் என்று ஆனபோதே நான் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், என் அம்மா எனக்கு இருந்தாள், நான் உனக்கு இருக்க வேண்டாமா? டிக்கெட்டைப் பார்த்த அப்பா முகம் சுருங்கிப்போனது. ஏம்புள்ள, சாவியைத் தூக்கிட்டு நீ ஃபிளைட் ஏறிட்டா கம்பெனியை நான் எப்படித் தொறக்கறது என்றார். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் தினமும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அதே பேச்சு, சீசன் நேரம், இந்த ஆர்டர் போனால் தையல்காரர்கள் சும்மா உட்காருவார்கள், இவ்வளவு குடும்பம் உன் விரலை நம்பி இருக்கிறது என்று. எனக்குப் பயம் வந்துவிட்டது மைதிலி. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அத்தனை பேர் வேலை, நடுவில் என் விரல். பெட்டியை எடுத்துத் துடைத்துவைத்துவிட்டு மறுபடி பரண் மேலேயே ஏற்றிவிட்டேன். நீ போனில் கேட்டதும் சட்டென்று வருகிறேன் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான், வர மனமில்லாமல் இல்லை.

நீ அழுத மறுநாள் அப்பா குளிக்கப் போன நேரத்தில் மாப்பிள்ளை கூப்பிட்டார். நான் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன், இந்த மாதிரி மாப்பிள்ளை, சாவி என்னிடம் மாட்டிக்கொண்டது, கழற்ற வழி தெரியவில்லை என்று. அவர் சிரித்துவிட்டு, அத்தை, ஒரு கணக்குக்கு எத்தனை போன்ல வேணும்னாலும் பாஸ்கீ போடலாமுங்க, ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு வேணுமில்லீங்களா, மாமாகிட்ட அப்பவே சொன்னேனுங்களே என்றார். அப்பவே என்றால் எப்போது என்று கேட்டேன், புரட்டாசியிலேயே என்றார். எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. அன்றைக்குக் கார் ஹாரன் அடிக்கும்வரை காத்திராமல் நானே போய் முன்னால் உட்கார்ந்தேன், கம்பெனிக்குள் நுழைந்ததும் கீரைக்கட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை, ஜுவைரியா, சாரோட போன்ல இன்னொரு பாஸ்கீ போடு கண்ணு என்றேன். ஜுவைரியா குனிந்து கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அப்பா, இன்னிக்கு அஷ்டமி புள்ள என்றார். அஷ்டமி நேற்றே போய்விட்டது என்றேன். ராகு காலம் என்றார், லிங்கசாமி காலண்டரைப் பார்த்துவிட்டு, அது முடிஞ்சுதுங்க சார் என்றார். போனில் சார்ஜ் இல்லை என்றார், எடுத்துப் பார்த்தேன், நிறைய இருந்தது. வேறு வழியில்லாமல் போனை நீட்டினார். ஜுவைரியா ஆண்டவனை நினைத்துக்கொண்டு அமுக்கினாள். போனில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. லிங்கசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, உங்களோட பாஸ்கீ ஏற்கெனவே இந்தப் போன்ல இருக்குதுன்னு சொல்லுதுங்க என்று தமிழிலேயே வாசித்தார். செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஜுவைரியா மெதுவாக, மன்னிச்சுக்குங்கம்மா, பல்லடத்துல இருந்து உங்களை டெம்போல கூட்டிட்டு வந்தப்புறம் எனக்கே கஷ்டமாப் போயி சார் போன்ல ஒண்ணு போட்டுக் குடுத்தேனுங்க, அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்னு சார்தானுங்க சொன்னாங்க என்றாள். உன் அப்பா ஆர்டருக்குத் தைத்த குழந்தை உடுப்பு ஒன்றைக் கையில் எடுத்துத் தையலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

நான் கீரைக்கட்டோடு போய் என் நாற்காலியில் உட்கார்ந்து ஆய ஆரம்பித்தேன். சாயங்காலம் திரும்பி வரும்போது காரில் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். வேலம்பாளையம் தாண்டியதும் அவரே வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். சாவி போட்டுக்கொடுத்த அன்றைக்கே சொல்லத்தான் இருந்தாராம், ஆனால் அன்றைக்கு நான் கொள்ளும் கத்தரிக்காயும் கொண்டுபோயிருந்தேனாம், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோமாம், கல்யாணமானதிலிருந்து கம்பெனியே கதி என்று மதியச் சாப்பாட்டைத் தனியாகவே சாப்பிட்டுப் பழகிவிட்டாராம். சொல்லிட்டா மறுநாள் நீ வரமாட்டியே புள்ள, அதனால நாளைக்குச் சொல்லிக்கலாம் நாளைக்குச் சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன் என்றார். அதற்குள் டிக்கெட் வந்துவிட்டது. நீ போயிட்டா வெளக்கு வெக்கிற நேரத்துக்கு இருட்டா இருக்கிற ஊட்டைத் தொறந்துட்டு உள்ள போகோணும், அதை நெனச்சாலே எனக்கு ஒருமாதிரி இருக்குது என்றார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது, கோபம்தான் முன்னால் வந்தது. ஏனுங்க, உங்க பயத்துக்கு என்ற மவ பெத்தவ தொணை இல்லாம அத்தாந்தூரத்துல வலியில கெடக்கோணுங்களா, அவ அழுதது உங்க காதுல உளுகலீங்களா என்று கேட்டேன்.  அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். வீட்டுக்கு வந்ததும் ஏணியைப் போட்டுப் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கி என் முன்னால் வைத்துவிட்டு, போயிட்டு வா, குழந்தைக்கு நல்ல துணியா நானே பார்த்து எடுக்கறேன் என்றார். பார்சலில் இருக்கிற குழந்தையின் வெள்ளைச் சட்டை அவர் வெட்டச் சொல்லி நின்று தைக்கவைத்தது, தையல் உள்ளே உறுத்தாது, ஒரு தண்ணீர் அலசிவிட்டுப் போடு.

ஆகவே கண்ணு, மார்கழி கடைசியில் அம்மா வருகிறேன், நிச்சயமாக வருகிறேன், இனி அழாதே. பூண்டைச் சேர்த்துக்கொள், பயறை விடாதே, பனியில் நடக்கிறபோது மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள், போட்டோ அப்புறம் எடுக்கலாம். உன் பேங்குக்கெல்லாம் பாஸ்கீ போட்டிருந்தால் உன் போனோடு நின்றுவிடாதே, வேறொரு போனிலும் ஒன்று போட்டுவை, ஒரே சாவியாக இருப்பது எவ்வளவு தொல்லை என்று அனுபவப்பட்டவள் சொல்லுகிறேன். செந்திலாண்டவன் தாயையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்துச் சுகமாகக் கையில் கொடுப்பான், மாப்பிள்ளைக்கு என் ஆசி.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. நேற்று நான் ஜுவைரியாவிடம் என் சாவியை எடுத்துவிடச் சொன்னேன், அதுதான் சார் போனில் ஒன்று இருக்கிறதே என்று. அப்பா விடவில்லை. இருக்கட்டும், அங்க போனப்புறம் தெனமும் நான் கூப்புடுவேன், நீ உன்ற போன்ல தொறந்து பார்த்து ஷிப்மென்ட் எங்க நிக்குதுன்னு எனக்குச் சொல்லோணும் என்றார். உங்க போன்லயே பார்க்கலாமுங்களே என்றேன். எனக்குத் தொறக்கத் தெரியாதுன்னு வெச்சுக்க புள்ள என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அவர் கூப்பிடுகிற நேரம் அங்கே என்ன நேரமாக இருந்தாலும், போனை நீ எடுத்தால் அவருக்குத் திறக்கத் தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதே, என்னிடம் கொடு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா
சித்ராதேவி